ஒரு ஸ்பூன் தேன் கெடுத்த ஸ்கேன்: திருவனந்தபுரத்தில் அப்பாவுக்கு எடுத்த இதய பெட் ஸ்கேன் பற்றி

அப்பாவுக்கு இதயத்தில் பெட் (PET) ஸ்கேன், அதாவது கதிர்வீச்சு தருகிற மருந்தை ஊசியில் போட்டுப் படம் பிடிக்கிற ஸ்கேன், எடுப்பதற்காக இரண்டு தடவை திருவனந்தபுரம் போய் வந்தோம். ஒரு தடவையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. இரண்டாவது தடவை ஏன் போக வேண்டி வந்தது என்பதைத்தான் முக்கியமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் எங்கள் குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்திலிருந்து இதய வைத்தியத்துக்கு எல்லை தாண்டிப் போகிறவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் யாராவது ஒருவருக்கு இந்த ஸ்கேன் எழுதிக் கொடுக்கப்பட்டால் முந்தின நாள் சமையலறையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

சென்டரின் பெயரை எழுதவில்லை. அவர்களைப் பற்றிக் குறையும் சொல்லப் போகிறேன், நிறையும் சொல்லப் போகிறேன், ஆனால் நான் சொல்லும் குறை அந்த ஒரு இடத்தோடு நிற்கிற குறை இல்லை என்று நினைக்கிறேன். மெஷினுக்கும் அதை ஓட்டுகிற டெக்னீஷியன்களுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். புக் செய்யும்போது கையில் தருகிற அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 63. ரப்பர் தோட்டம் கொஞ்சம் உண்டு, அதற்குள்ளேயே தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறார். ஓணத்துக்கு முந்தின வாரம் விடியற்காலையில் நெஞ்சு வலி வந்தது. வாயு என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும்போது மூன்று மணி நேரம் போய்விட்டது. இடது பக்கத்துப் பெரிய தமனியில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது, நான்கு மாதம் கழித்து, சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை. இதயத்தின் கீழறையிலிருந்து தாறுமாறாகத் துடிப்பு கிளம்புகிறது என்றார் டாக்டர்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் தழும்பு இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று மாரடைப்பு வந்த இடம், அதில் சந்தேகம் இல்லை. இன்னொன்று இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கிற சுவரில். தமனி அடைத்து வருகிற தழும்பு இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே பரவும், இதுவோ சுவரின் நடு அடுக்கில் மட்டும் கோடு போட்டது மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். இது ஆறிப்போன பழைய தழும்பா, இல்லை அங்கே இப்போதும் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கூடி வேலை செய்துகொண்டிருக்கின்றனவா என்று தெரிய வேண்டும், எதிர்ப்பு அணுக்கள் உறுப்புகளில் கூடி வீங்க வைக்கிற சார்கோய்டோசிஸ் மாதிரி ஒரு நோய் ஒளிந்திருந்தால் வைத்தியமே வேறு, அதற்குத்தான் இந்த ஸ்கேன் என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு வந்த எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவை கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு எக்கோவே போதும், சிலருக்கு எம்.ஆர்.ஐ. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்று நாமும் போய்க் கேட்கிற டெஸ்ட் இல்லை இது. எங்களுக்கு எழுதிக் கொடுத்ததற்கு அந்த நடுச்சுவர்க் கோடுதான் காரணம்.

அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எதிர்ப்பு அணு நல்லதுதானே மக்களே, அது எதுக்கு எனக்க நெஞ்சுக்குள்ள கிடந்து தொந்தரவு குடுக்கு?" என்பது. நியாயமான கேள்வி. டாக்டரிடம் கேட்டும், நானே உட்கார்ந்து வாசித்தும் தெரிந்துகொண்டதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

இரத்தம் கிடைக்காமல் இதயத் தசை செத்ததும் சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் அங்கே பாய்ந்து வருகின்றன. அடுத்த சில நாட்களில் மோனோசைட்டுகள் வருகின்றன, அவைதான் அங்கே போய் மேக்ரோஃபேஜ் ஆகிச் செத்ததைத் தின்று அப்புறப்படுத்துகின்றன. முதலில் வருகிற கூட்டத்தின் வேலை இடித்து அள்ளுவது. ஒரு வாரத்தை நெருங்கும்போது கூட்டத்தின் குணம் மாறுகிறது, இடிப்பதை விட்டுவிட்டுக் கட்டுகிற வேலைக்குத் திரும்புகிறது, தழும்பு உருவாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப முளைக்காது, அந்த இடத்தை உறுதியான தழும்பு பிடித்துக்கொள்வதுதான் நமக்குக் கிடைக்கிற ரிப்பேர். இடிக்கிற கூட்டம் அளவுக்கு மேல் வந்தாலோ, வந்தது போகாமல் தங்கிவிட்டாலோ சுவர் மெலிந்து இதயம் பலூன் மாதிரி விரிந்துவிடும். கூட்டமே வராவிட்டாலும் ஆபத்துதான், குப்பை அப்படியே கிடக்கும், தழும்பு உறுதியாகாது.

அப்பா உடனே பிடித்துக்கொண்டார். தேனீப் பெட்டிக்குள் செத்துக் கிடக்கிற ஈயை இழுத்து வெளியே போடுவதற்கென்றே சில ஈக்கள் இருக்கும், அது மாதிரியா என்றார். அதே மாதிரிதான். இந்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து மட்டும் வருவதில்லை, மண்ணீரலிலும் மோனோசைட்டுகள் சேமிப்பாக இருக்கின்றன, மாரடைப்பு வந்ததும் அங்கிருந்து கிளம்பி இதயத்துக்குப் போகின்றன என்று பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். நெஞ்சில் அடிபட்டதற்கு வயிற்றோரத்தில் இருக்கிற மண்ணீரலிலிருந்து ஆள் கிளம்பிப் போகிறது என்று படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் உடம்புக்குள் இத்தனை நடக்கிறது, நாமோ வாயு என்று இஞ்சிக் கஷாயம் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, இந்தக் கூட்டத்தை வெளியிலிருந்து எப்படிப் படம் பிடிக்கிறார்கள்? சர்க்கரையை வைத்து. குளுக்கோஸோடு கதிர்வீச்சு தருகிற ஃப்ளூரின்-18ஐச் சேர்த்துச் செய்த மருந்து, பெயர் எஃப்.டி.ஜி. மும்முரமாக வேலை செய்கிற எதிர்ப்பு அணுக்கள் சர்க்கரையை நிறையத் தின்னும். இந்த மருந்தையும் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் முழுசாகச் செரிக்க முடியாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கே மாட்டியிருக்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும்.

சிக்கல் என்னவென்றால், இதயத் தசையும் சர்க்கரை தின்னும். நாம் சோறோ இட்லியோ சாப்பிட்டதும் இன்சுலின் சுரக்கிறது, இதயம் சர்க்கரைக்குத் திரும்பிவிடுகிறது. அப்போது மருந்தைப் போட்டால் இதயம் முழுக்க ஒளிரும், எது தசை எது எதிர்ப்பு அணு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாவுச்சத்தே கொடுக்காமல் கொழுப்பாகக் கொடுத்து, பிறகு பட்டினியும் போட்டால் இதயம் கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும், சர்க்கரையைத் தொடாது. எதிர்ப்பு அணுக்களோ அப்போதும் சர்க்கரையைத்தான் தேடும். அதனால் அவை மட்டும் தனியாகத் தெரியும். முந்தின நாள் இரண்டு வேளையாவது, ஒவ்வொரு வேளையிலும் 35 கிராமுக்கு மேல் கொழுப்பு, மாவுச்சத்து 3 கிராமுக்குக் கீழே, அப்புறம் ராத்திரி முழுக்கப் பட்டினி. இதயத்தில் இந்த ஸ்கேன் எடுப்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற வழிமுறை இது. 3 கிராம் என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு இட்லியில் பாதி சாப்பிட்டாலே தாண்டிவிடும்.

இந்த விளக்கத்தில் ஒரு வரிகூட அந்தச் சீட்டில் இல்லை. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் மலையாளம், மொத்தமே நான்கு வரி. சீனி, அரிசி, கோதுமை தவிர்க்கவும். கொழுப்புள்ள உணவு உண்ணவும். 12 மணி நேரம் வெறும் வயிறு. காலை 7 மணிக்கு வரவும். அம்மாவுக்கு மலையாளம் வாசிக்க வரும், வாசித்தார், அதன்படியே செய்தார். அரிசி கூடாது, கோதுமை கூடாது, அதனால் அப்பாவுக்கு மத்தியானமும் ராத்திரியும் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, வேகவைத்துச் சாளை மீன் குழம்போடு கொடுத்தார். எங்கள் ஊரில் அரிசி வேண்டாம் என்றால் அடுத்தது மரச்சீனிதான், அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவுச்சத்து என்ற வார்த்தை சீட்டில் இருந்திருந்தால்கூட அம்மா யோசித்திருப்பார்.

மறுநாள் விடியற்காலை 5 மணிக்குத் தம்பி கார் எடுத்தான். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒன்றரை மணி நேரம். கிளம்புவதற்கு முன்னால் அப்பா ஒரு ஸ்பூன் தேன் சாப்பிட்டிருக்கிறார். அது எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் சின்ன வயசிலிருந்து தினமும் எழுந்ததும் சாப்பிடுகிற தேன். அது ரப்பர் துளிர்க்கிற சமயம் வேறு, பெட்டியெல்லாம் நிறைந்திருந்தது, புதுத் தேன்.

மருந்து போட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தனி அறையில் படுக்க வைத்து, ஸ்கேன் எடுத்து முடித்த பிறகு டெக்னீஷியன் தம்பி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரையில் இதயத்தைக் குறுக்கே வெட்டினது மாதிரி ஒரு படம். வடை மாதிரி ஒரு வளையம், அது முழுக்கத் தீக்கங்கு மாதிரி மஞ்சளும் சிவப்புமாக எரிகிறது. எனக்குக் கை கால் ஆடிப் போனது. இதயம் முழுக்க நோய் என்று நினைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சேச்சி, இது நோயில்லை, சாப்பாடு. அச்சன் நேற்று என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

வெளியே வந்து அப்பாவிடம் கேட்டேன். மரச்சீனி எனக்கே தெரியும். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, ஒன்றுமே இல்லை, தேன் மட்டும்தான் என்றார். "சீனிதானே கூடாதுன்னு எழுதியிருக்கு. தேன் மருந்தில்லியா மக்களே?" அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு வார்த்தைகூடக் கோபமாக வரவில்லை. 63 வருஷமாக மருந்து என்று நம்பிச் சாப்பிட்டதை, பிறருக்கும் மருந்து என்று சொல்லி விற்றதை, ஒரு துண்டுச் சீட்டு சீனி என்று சொல்லவில்லை, அவர் எப்படி அதைச் சீனி என்று எடுத்துக்கொள்வார்?

அங்கிருந்த டாக்டர் நல்ல மாதிரி பேசினார். ஸ்கேன் தப்பாக எடுக்கவில்லை, அது சரியாகத்தான் எடுத்திருக்கிறது, ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு இதில் பதில் கிடையாது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார். அன்றைக்கே இன்னொரு தடவை எடுக்கவும் முடியாது. இந்த மருந்து 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், ஒவ்வொரு நோயாளிக்கும் கணக்குப் பார்த்து அன்றன்றைக்குத் தருவிக்கிறார்கள், ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கிற பொருள் இல்லை. 20,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தோம். பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி கிடைத்தது.

அன்றைக்குக் காத்திருந்த இடத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கொல்லம் பக்கத்துக்காரர் ஒருவர், அவருக்கும் மாரடைப்பு வந்து போனதுதான், அவருக்கும் இதே மருந்துதான், ஆனால் அவருக்கு மட்டும் நர்ஸ் வந்து குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். எங்களுக்கு மட்டும் ஏன் பட்டினி என்று அப்பா கேட்டார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவருக்குப் பார்ப்பது தசை உயிரோடு இருக்கிறதா என்று. உயிருள்ள தசை சர்க்கரையைத் தின்ன வேண்டும், அதனால் சர்க்கரை கொடுத்துவிட்டு எடுக்கிறார்கள். எங்களுக்குப் பார்ப்பது எதிர்ப்பு அணுவை, அதனால் தசை சர்க்கரையைத் தொடக் கூடாது. ஒரே மெஷின், ஒரே மருந்து, முன்னேற்பாடு மட்டும் நேர் எதிர். ஆகவே உங்களுக்கு இதய பெட் ஸ்கேன் என்று எழுதினால், தசை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவா, எதிர்ப்பு அணுக்கள் கூடியதால் வருகிற வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கவா என்று வாய் திறந்து கேளுங்கள். தெரிந்தவர் ஒருவர் சொன்ன முன்னேற்பாட்டை நம்பிப் போனால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இரண்டாவது தடவைக்கு நான் விடவில்லை. அந்த டெக்னீஷியன் தம்பியின் டிபார்ட்மென்டுக்கு நேராக போன் போட்டேன், ரிசப்ஷனுக்கு இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவரும் பொறுமையாகச் சொன்னார், இருபது நிமிடம் பேசியிருப்பார். மரச்சீனி, சேனை, சேம்பு, காச்சில், எந்தக் கிழங்கும் கூடாது. பலா, வாழைப்பழம், நேந்திரம் சிப்ஸ் கூடாது. பயறு, பருப்பு கூடாது. பால், தயிர், மோர் கூடாது. தேன், கருப்பட்டி, சுக்குக் காப்பி கூடாது. தேங்காய் எண்ணெய் ஊற்றலாம், தேங்காய்த் துருவல் வேண்டாம். மீன் பொரிக்கலாம், ஆனால் மசாலாவில் அரிசி மாவோ மைதாவோ சேர்க்கக் கூடாது. சின்ன வெங்காயம்கூட அன்றைக்கு வேண்டாம். இருமல் சிரப், தொண்டைக்குச் சப்புகிற மிட்டாய் எல்லாம் சீனிதான். முந்தின நாள் மண்வெட்டி பிடிக்கிற மாதிரி கனமான வேலையும் செய்யக் கூடாது. அப்பாவுக்குச் சுகர் கிடையாது, சுகர் இருக்கிறவர்கள் மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டாக வேண்டும், அதை நாமாக முடிவு செய்யக் கூடாது.

அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மாரடைப்பு வந்ததிலிருந்து ஆறு மாதமாக நெய்யையும் பொரித்ததையும் வீட்டுக்குள் விடாமல் காத்தவர். இப்போது அவர் கையாலேயே நாலு முட்டையை நெய்யில் ஆம்லெட் போட்டு, சாளையை மஞ்சளும் மிளகும் உப்பும் மட்டும் தடவித் தேங்காய் எண்ணெயில் முக்கிப் பொரித்து, அதே எண்ணெயை மேலே ஊற்றி அப்பாவுக்குப் பரிமாற வேண்டும். ஒரு நாள்தான் அம்மா, டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்று நான் பத்துத் தடவை சொன்னேன். அப்படியும் சட்டியைத் திருப்பும்போது கண் கலங்கியது. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் 6 மணிக்கு ஒரு தடவை. இடையில் சீனி போடாத கட்டன் சாயா. 6 மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். தேன் பாட்டிலை நான் எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன், அப்பாவே எடுத்துத் தந்தார்.

இனி சென்டரைப் பற்றி. இடம் சுத்தம். மருந்து போட்டவர்களுக்குத் தனிக் கழிப்பறை, தனி அறைகள். காத்திருக்கிற அறையில் குளிர் அதிகம், கம்பளி கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள், நீங்களே ஒரு சால்வை கொண்டு போங்கள். மருந்து கனமான ஈயப் பாத்திரத்துக்குள் வருகிறது, ஊசி போடுகிற சிஸ்டர் கைராசிக்காரர், அப்பாவுக்கு நரம்பு கிடைப்பது எப்போதும் கஷ்டம், ஒரே தடவையில் எடுத்தார். முதலில் இரத்த ஓட்டத்துக்கு வேறொரு மருந்து போட்டு ஒரு படம், அப்புறம் எஃப்.டி.ஜி. போட்டு ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுக்கை, பிறகு மெஷினுக்குள். எம்.ஆர்.ஐ. மாதிரி டமடமவென்ற சத்தம் இல்லை, மூச்சைப் பிடி, விடு என்ற தொல்லையும் இல்லை, அப்பா தூங்கியே விட்டார். மலையாளம் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், நம் தென்குமரித் தமிழ் இன்னும் நன்றாகப் புரியும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், அன்று முழுக்கக் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விட வேண்டாம் என்றார்கள். என் தங்கை மாசமாக இருக்கிறாள், அவளை அன்றைக்கு மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இதுவும் அந்தச் சீட்டில் இல்லை, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். இரண்டாவது தடவை எங்களிடம் மருந்துக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு மெஷின் சார்ஜை விட்டுக் கொடுத்தார்கள். அதை மறக்காமல் சொல்ல வேண்டும், எல்லோரும் செய்ய மாட்டார்கள். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் போனில் வந்தது.

படம். இந்தத் தடவையும் அந்தத் தம்பி கூப்பிட்டுக் காட்டினார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த அந்த வளையம் இல்லவே இல்லை. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு, இரத்தம் இருக்கிற இடம் மட்டும் லேசாகப் புகை மாதிரி. நடுச்சுவரைப் பெரிதாக்கிக் காட்டினார், அங்கேயும் இருட்டு. மாரடைப்பு வந்த இடத்திலும் ஒன்றும் இல்லை. அந்த இருட்டைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடிக்க வந்த கூட்டமும் கட்ட வந்த கூட்டமும் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டன. நடுச்சுவரில் இருப்பது எப்போதோ வந்து ஆறிப்போன பழைய தழும்பு, வீக்கத்தை அடக்குகிற ஸ்டீராய்டு வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தார். தாறுமாறான துடிப்பு தழும்பிலிருந்து வருகிறது, அதற்கு ஐ.சி.டி. என்கிற, துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்கிற சின்னக் கருவியைத் தோளுக்குக் கீழே வைக்கச் சொன்னார், போன மாதம் வைத்தாயிற்று. முதல் தடவை எடுத்த படத்தை மட்டும் யாராவது அவசரப்பட்டு வீக்கம் என்று படித்திருந்தால் அப்பா இன்றைக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மரச்சீனிக்கும் தேனுக்கும் ஸ்டீராய்டு! அப்படிப் படிக்காமல், இது சாப்பாடு என்று கண்டுபிடித்து நிறுத்தினார்களே, அதற்காகத்தான் டெக்னீஷியனுக்கும் டாக்டருக்கும் முழு மார்க்.

சர்க்கரையை நம்பாத மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. காலியம்-68 என்கிற கதிர்ப்பொருளை, எதிர்ப்பு அணுக்களின் மேல்பரப்பில் போய் ஒட்டுகிற மூலக்கூறோடு சேர்த்துச் செய்கிறார்கள். பென்டிக்ஸாஃபோர் என்று ஒன்று, ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவக் கல்லூரியில் மாரடைப்பு வந்து சில நாட்களே ஆன நோயாளிகளுக்கே அதைக் கொடுத்துப் படம் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு இந்த நெய்யும் பட்டினியும் தேவையில்லை. 68 நிமிடத்தில் பாதியாகிவிடும், ஆனால் அந்தக் கதிர்ப்பொருளைத் தருகிற ஜெனரேட்டர் என்ற சின்னக் கருவியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கறந்துகொள்ளலாம். மாரடைப்பு வந்த வாரத்திலேயே யாருக்கு அந்தக் கூட்டம் அளவுக்கு மீறி வருகிறது என்று பார்த்து, அவருக்கு மட்டும் அதை அடக்குகிற மருந்து கொடுப்பதுதான் இவர்களுடைய கனவு. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கும் அது சாதாரணமாக வந்து சேர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

அடக்குகிற மருந்து என்றதும் அப்பாவுக்குச் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. கொல்கிசின் என்று ஒரு மாத்திரை. 2019-இல் வெளியான ஆய்வில் மாரடைப்பு வந்த 4,745 பேரில் பாதிப் பேருக்குத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், திரும்ப இதயப் பிரச்சினை, பக்கவாதம் என்று வந்தது 5.5 சதவீதம் பேருக்கு, மருந்து இல்லாதவர்களில் 7.1 சதவீதம் பேருக்கு. ஆனால் 2024-இல் வந்த இன்னும் பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. டாக்டர் சொல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை. விஷயம் அதுவல்ல. அந்தக் கொல்கிசின் நம்முடைய கண்வலிக்கிழங்கில் இருக்கிறது, தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது, அதன் விதைக்காகத் திண்டுக்கல், கரூர் பக்கமெல்லாம் பயிரே செய்கிறார்கள். எங்கள் தோட்டத்து வேலியில் அது தானாகப் படர்ந்து கிடக்கிறது. கிழங்கு கொடிய விஷம், தொடாதே என்று சின்ன வயசில் எங்களை விரட்டியவர் அப்பா. அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் வந்த ரிப்போர்ட்டைக் காகிதத்தில் வாங்கப் போன அன்று, முன்னேற்பாட்டைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு நானே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எதெல்லாம் கூடாது என்று நம் ஊர்ப் பெயர்களோடு, தேன் என்பதைப் பெரிய எழுத்தில். கவுன்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். ஊசி போட்ட சிஸ்டர்தான் அதை எடுத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அவர் கோட்டயத்துக்காரர். மரச்சீனி என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். "எங்க நாட்டுல இதைக் கப்பன்னுதான் சொல்லுவோம் மோளே, அதையும் பக்கத்துல எழுதித் தா, எல்லாத்துக்கும் புரியட்டும்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.